வாசலில் நின்ற குடங்கள்

உன்மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு அப்பன் எழுதும் புத்திமதி என்று நினைத்துப் பாதியிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுவாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குரல் ஏறிவிடுகிறது, உன் அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலைக்கு நடுவே ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் காகிதத்தில், அதுவும் தமிழில் எழுதுகிறேன். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நல்லதுதான், மெதுவாகவே படி. எனக்கும் இதை எழுதுவது சுலபமாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தூரிலிருந்து கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்தாய். உன் அம்மா களி கிண்டி, கோழிக் குழம்பு வைத்திருந்தாள். முதல் உருண்டை உள்ளே போன பிறகு, உப்பு கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாய்: "கல்யாணத் தண்ணி நம்ப போருலேருந்து வேணாம் நைனா. டேங்குத் தண்ணி எடுத்துக்கலாம்." நான் கையை உதறிவிட்டு எழுந்தேன். பிறகு கத்தினேன். என்ன கத்தினேன் என்பது உனக்குத் தெரியும், எழுதிக் காட்ட வேண்டாம். கோபம் வந்தால் உனக்குத் தெலுங்கு வந்துவிடும். "ஆ நீள்ளு தாககூடது நைனா" என்றாய். அந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாதாம். என் தண்ணீரை, என் வீட்டுத் தட்டில் கை வைத்துக்கொண்டு சொல்கிறாய். பத்திரிகைக் கட்டைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். உன் அம்மா மீதிக் குழம்பை மூடி வைத்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தை உனக்கு வரப்போகிறவளுக்கும் படித்துக் காட்டு. திருப்பதியில், குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற வீட்டில் பிறந்த பெண். ஒரு தண்ணீருக்காக அப்பனும் பிள்ளையும் ஏன் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவளுக்குப் புரியாது. உனக்கே பாதிதான் தெரியும். உன் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் நம் தெருக் கிணறு தை மாசத்திலேயே காய்ந்துவிட்டது. ஊர்த் தெருக் கிணற்றில் நம் ஆட்கள் கயிறு போட முடியாத காலம். மாந்தோப்பு மோட்டார் கொட்டகைக்குத்தான் போவார்கள். அங்கேயும் குழாயைத் தொடக்கூடாது. தோட்டக்காரன் மனசு வைத்து இந்தப் பக்கம் திருப்பிவிடும் வரைக்கும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டும். சில நாள் அவன் பார்த்தும் பார்க்காதது போல மரத்துக்கு மண் அணைத்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் நான் வேலையிலிருந்து திரும்பும்போது அந்த வரிசையில் உன் அம்மாவைப் பார்த்தேன். கையில் போட்ட மருதாணி இன்னும் வெளுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட அவமானத்தில்தான் நம் போர்வெல் பிறந்தது.

சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் சீசனுக்குச் சீசன் மூட்டை தூக்கி, மற்ற நாட்களில் கரும்பு வெட்டி, கடைசியில் போர் வண்டியை நம் தெருவுக்குள் கொண்டுவந்தேன். தெருவே சந்தில் நின்று வேடிக்கை பார்த்தது. புழுதி கிளம்பி, சேறு கிளம்பி, அப்புறம் தண்ணீர் பீறிட்டு வந்தபோது உன் அத்தை, என் அக்கா, அதைக் கையில் பிடித்துக் குடித்துவிட்டு இளநீர் மாதிரி இருக்கிறது என்று அழுதாள். இனிமேல் நம் தெருப் பெண்கள் யார் வாசலிலும் நிற்கக்கூடாது என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னேன். மனசார நம்பித்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் எங்கே நின்றார்கள்? நம் வாசலில். மூன்று ஃபேஸ் கரண்ட் வரும் நேரம் பார்த்து நான் மோட்டார் போடுவேன். குடங்கள் வரிசையாக இருக்கும், பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும். "நைனா, மோட்டார் போடு நைனா" என்று என்னைவிட வயதில் பெரியவர்கள்கூடக் கூப்பிடுவார்கள். பெற்ற பிள்ளை நீ ஒருவன்தான், ஆனால் தெருவுக்கே நான் நைனா. யார் வீட்டில் சண்டை, யாருக்கு ஜாதகம் பார்க்கிறார்கள், யார் மகன் தடா பக்கம் கம்பெனியில் சேர்ந்திருக்கிறான், எல்லாம் அந்த வரிசையில் எனக்குத் தெரிந்துவிடும். கல்யாணம் வந்தால் கேட்கவே வேண்டாம். முந்தின நாள் சாயந்திரம் பெண்கள் புதுக் குடம் எடுத்துக்கொண்டு பம்பை மேளத்தோடு புறப்படுவார்கள். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, கங்கம்மாவைக் கும்பிட்டு, அந்தத் தண்ணீரை நலங்குக்குக் கொண்டுபோவார்கள். கிணறு தூர்ந்துபோன பிறகு அந்தக் கும்பிடு நம் போர்வெல்லுக்கு வந்துவிட்டது. நம் தெருவில் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளையும் நான் விட்ட தண்ணீரில்தான் குளித்திருக்கிறது. இப்போது என் சொந்தப் பிள்ளை மட்டும் வேண்டாம் என்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்.

அந்தக் கக்கூஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீ எத்தனையோ தடவை பேச்சில் அங்கேயே வந்து நின்றாய், நான் பேச்சை மாற்றினேன். பஞ்சாயத்திலிருந்து கக்கூஸ் கட்டச் சொல்லி வந்தபோது, இரண்டு சின்னக் குழி போடுங்கள், ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைத் திறந்துகொள்ளலாம் என்றார்கள். மூடிய குழி ஓரிரு வருஷத்தில் மக்கி எருவாகிவிடுமாம். எங்கள் யாருக்கும் அது ஏறவில்லை. சின்னக் குழி சீக்கிரம் நிறைந்துவிடும், அப்புறம் அதை யார் அள்ளுவது? நம் தெருவில் அந்தப் பயம் சும்மா வந்ததில்லை, உனக்குத் தெரியும். அதனால் உன் மாமா, அத்தை புருஷன்தான், கிணறு தோண்டுகிற மாதிரி தோண்டி சிமெண்ட் உறை இறக்கினார். பேரப்பிள்ளை காலத்திலும் நிறையாது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார். எனக்குப் பொறுக்குமா? அவரைவிட ஆழமாகத் தோண்டி, அவரைவிட அதிகமாக உறை இறக்கினேன். நம் கொல்லை அகலம் உனக்குத் தெரிந்ததுதான். போர்வெல்லுக்கும் குழிக்கும் நடுவில் ஒரு மாட்டைக்கூடத் திருப்பிக் கட்ட முடியாது. அப்போது நீ பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாய். பழைய போர், மேல்மண் கசிவைத் தடுக்கிற கேசிங் குழாயும் ஆழமாக இறங்கவில்லை, குழியில் போகிறதெல்லாம் தண்ணீரில்தான் வந்து சேரும் என்று என்னிடம் கெஞ்சினாய். பீ போகிற வழியைக் கண்டுபிடிக்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கேட்டு, கொத்தனார் முன்னால் சிரித்தேன். கொத்தனாரும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

நீ குடிநீர் வேலைக்குப் போய், புத்தலப்பட்டுப் பக்கம் ஊர் ஊராகக் குழாய் போட்டுவிட்டு, கடைசியில் நம் ஊருக்கும் வந்தாய். டேங்க் எழும்பியது. நம் தெருவில் பள்ளம் தோண்டி நீலக் குழாய் பதித்தீர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குட்டிக் குழாய். என் வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்றேன். போர்வெல் வைத்திருக்கிறவன் வீட்டில் உன் குழாய் எதற்கு என்று கேட்டேன். தண்ணீர் திறந்த அன்று நான் வழக்கம்போல மோட்டார் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். ஒரு குடம்கூட இல்லை. எதிர்வீட்டுக் கோவிந்தம்மா தன் வாசலில் குந்திக்கொண்டு குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு உன் பேரைச் சொல்லிக் கத்தின. என் பேரை இல்லை, உன் பேரை. நான் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்று தொடங்கியதுதான் இந்தப் பொறாமை. சோறு இறங்கவில்லை. அந்த டேங்க் நம் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிறது, அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். உன் வருங்கால மாமனார் போனில் பேசினால், மாப்பிள்ளை ஊருக்கே தண்ணீர் கொடுத்தவர் என்று ஆரம்பிப்பார். உனக்கு முன்னால் கொடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான் ஐயா என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். உன் அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "கொழா மேலயா பொறாம? ஊர்ல சிரிப்பாங்கய்யா" என்றாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் சும்மா இருக்காமல் டீக்கடையிலும் ரேஷன் வரிசையிலும் பேச ஆரம்பித்தேன். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, பருப்பு வேகிறதில்லை, குடித்தால் தாகம் அடங்குவதில்லை. வாடை கொஞ்சம் இருந்தது உண்மை, மற்றதெல்லாம் நான் சேர்த்தது. வயசானவர்கள் சிலர் நம்பினார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு திரும்ப நம் வாசலுக்கு வந்தார்கள். முதல் ஆளாக வந்தது உன் அத்தை. தம்பி தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை வாயில் வைக்கமாட்டேன் என்று தெரு கேட்கச் சொன்னாள். அன்று நான் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

நீ பஸ் ஏறிப் போன பிறகு, உன்னைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது. கோவிந்தம்மாவுக்குத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கப் பயிற்சி கொடுத்து ஒரு பெட்டியும் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா, அவளிடம் போனேன். உள்ளே மருந்து வைத்த அந்தச் சின்ன பாட்டிலில் தண்ணீரை நிரப்பி ஒரு நாள், இரண்டு நாள் விட்டுவைத்தால், கெட்ட தண்ணீர் கறுத்துவிடும், நல்ல தண்ணீர் அப்படியே இருக்கும் என்று சொன்னாள். அவளை விட்டே ஒன்றில் நம் போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் உன் குழாய்த் தண்ணீர் பிடிக்கச் சொன்னேன். எங்கே வைப்பது என்றாள். என் கண்ணெதிரில் இருக்கட்டும் என்று நம் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். உன்னுடையது கறுக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன் என்றால் நம்புவாயா? கும்பிட்டேன்.

மறுநாள் பார்த்தால் என்னுடையது கறுத்திருந்தது. லேசாக இல்லை, காபி டிகாஷன் மாதிரி. உன்னுடையது பிடித்த மாதிரியே இருந்தது. பாட்டில் மாறிவிட்டது என்றேன் நான். கோவிந்தம்மா, எது எந்தத் தண்ணீர் என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினாள். அப்போதும் விடவில்லை. இத்தனை நாளாக நானே இதைத்தானே குடிக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா வெளியே வந்தாள். "நீ எங்கயா அந்தத் தண்ணியக் குடிச்ச? கொழா வந்த நாள்லேருந்து கோயிந்தம்மா வூட்டுத் தண்ணியத்தான் நான் பானைல ஊத்திக்கினு இருக்கிறேன். நம்ப தண்ணி மாதிரி வருமான்னு நீதான் ரெண்டு சொம்பு குடிச்ச" என்றாள். முந்தானைக்குள் குடத்தை மறைத்து எடுத்து வருவாளாம். கோவிந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், உன் அத்தை ஞாபகம் வராமல் இருந்திருந்தால்.

உன் அத்தைக்கு யாரும் முந்தானைக்குள் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவில்லை. போன மாதம் வாந்தியும் பேதியுமாகச் சித்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தது உனக்குத் தெரியும். மாம்பழம் அதிகமாகத் தின்றுவிட்டாள் என்று உன்னிடம் சொன்னது நான்தான். குளுக்கோஸ் ஏறும் கையோடு படுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து தம்பி தண்ணீர் கொண்டு வாருங்கள், இந்தத் தண்ணீர் நன்றாக இல்லை என்றாள். கொண்டுபோனேன். நானே கேனில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பிழைத்து வந்துவிட்டாள். வந்திராவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.

கோவிந்தம்மா கிளம்பும்போது, இனி என் வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள், இல்லையா என்று கேட்டேன். பரிதாபம் வரட்டும் என்றுதான் கேட்டேன். அவள் கெட்ட பேச்சு பேசுகிறவள் இல்லை. பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "நீ நல்லவன்தான் நைனா. ஆனா யாரு வூட்டாண்ட நின்னாலும் நிக்கறது நிக்கறதுதான். உனுக்கு ஒடம்பு செரியில்லன்னா, எங்கியாவது ஊருக்குப் போய்ட்டா, நாங்க குடத்த வெச்சிக்கினு உன் வூட்டுக் கதவையே பாத்துக்கினு இருப்போம்." அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு மாந்தோப்பும், உன் அம்மா கையிலிருந்த மருதாணியும் நினைவுக்கு வந்தன. அந்தத் தோட்டக்காரனை வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறேன். அவனுக்கு ஏன் அவ்வளவு மெதுவாகக் குழாய் திருப்பப் பிடித்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். எனக்கும் பிடித்திருந்தது.

மோட்டார் பெட்டியைப் பூட்டிவிட்டேன். என் பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், என் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொன்னேன். எந்த வாயால் குழாயைப் பழித்தேனோ அதே வாயால் சொன்னேன். உன் அத்தை நம்பவில்லை, உன்னிடம் சண்டை போட்டுவிட்டு ஏதோ கோபத்தில் உளறுகிறேன் என்றாள். கறுத்த பாட்டிலை எடுத்துப்போய்க் காட்டிய பிறகுதான் குடத்தைக் கவிழ்த்தாள். உன் மாமா மட்டும், யார் குழி ஆழம் என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். ஒத்துக்கொண்டேன். என்னுடையதுதான் ஆழம், தண்ணீரைக் கெடுத்ததும் அதுதான்.

புத்திமதி சொல்லாமல் முடிக்க எனக்கு வராது, பொறுத்துக்கொள். உனக்கு இப்போது ஊர் ஊராகப் பேர் இருக்கிறது. டேங்க் வால்வைத் திறக்கிற சாவி உன் ஆட்களிடம் இருக்கிறது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பது உங்கள் கையில். ஒரு நாள் நீ போகும்போது பெண்கள் எழுந்து நின்று, சார் தண்ணீர் விடுங்கள் சார் என்பார்கள். அது இனிக்கும். என் ரத்தம்தானே உனக்கும், கட்டாயம் இனிக்கும். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்துப் படி. வீட்டிலும் அப்படித்தான். செலவுக்கோ, அம்மா வீட்டுக்குப் போகவோ, ஒரு வார்த்தை பேசவோ உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நிலைமையில் அந்தப் பெண்ணை வைக்காதே. உன் அம்மா என் வீட்டிலேயே தண்ணீரை ஒளித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கிற மாதிரி நான் இருக்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. இன்று காலையிலும் கோவிந்தம்மா வாசலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு வயிறு எரிந்தது. நான் ஒரு தெருவுக்குக் கொடுத்ததை நீ எத்தனையோ ஊருக்குக் கொடுக்கிறாய், அதுவும் யாரும் உன் வாசலில் நிற்காமல். நான் செய்ய நினைத்து எல்லார் முன்னாலும் சொன்னதை, நீ செய்துவிட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெருமையாகவும் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும் என்று உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள். அது இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வா. மாப்பிள்ளையாக வராதே, ரெஞ்சும் குழாயும் எடுத்துக்கொண்டு வேலைக்காரனாக வா. தெருக் குழாயிலிருந்து நம் வாசல் வரைக்கும் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறேன். நானே தோண்டினேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது. கொல்லையில் அந்தக் குழியை மூடிவிட்டு, இரண்டு சின்னக் குழி எங்கே போடுவது என்று நீயே கோடு கிழித்துக் காட்டு, நான் சிரிக்கமாட்டேன். கல்யாணத் தண்ணீருக்குப் பெண்கள் பம்பையோடு நம் வாசலுக்கே வரட்டும். நம் வீட்டுக் குழாய்க்கு உன் அம்மா மஞ்சள் குங்குமம் வைக்கட்டும். அதை நான்தான் முதலில் திறப்பேன் என்று மேலே ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன், அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ திற. புதுக் குடம் வாங்கி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் தண்ணீருக்காக நிற்காத ஆள் நான் ஒருவன்தான். அன்றைக்குக் குடத்தோடு வரிசையில் முதலில் நிற்கிறேன். வயிறு எரியத்தான் செய்யும். இருந்தாலும் நிற்பேன், நீ வந்து திறக்கிற வரைக்கும்.